வலிப்பு நின்றுவிட்டது, ஆள் இன்னும் வரவில்லை

5 ஜனவரி 2025. பிறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

என் தங்கைக்கு வயது 21. மலேசியா தினம் முடிந்த வாரம் ராத்திரி ராத்திரியாகத் தூங்காமல் ஏதேதோ பேசினாள். அப்புறம் இழுப்பு வந்தது, நிற்கவே இல்லை. ஐசியூவில் மயக்கத்தில் வைத்திருந்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கிவிட்டது, என்எம்டிஏ என்று ஏதோ சொன்னார்கள். டிசம்பரில் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது வலிப்பு இல்லை. ஆனால் இது என் தங்கை மாதிரியே இல்லை. தட்டை எறிகிறாள். அம்மாவைக் காது கூசும் வார்த்தையில் திட்டுகிறாள். நடுராத்திரி எழுந்து சோறு கேட்கிறாள். "வலிப்பு நின்றால் நோய் தீர்ந்தது, மீதி எல்லாம் கொழுப்பு" என்கிறார் அப்பா. மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார் மாமா. கூலிமில் ஒரு சாமியார் இருக்கிறார் என்கிறார் பெரியம்மா. யார் சொல்வதைக் கேட்பது?

5 ஜனவரி, இரவு

தம்பி, அப்பா சொல்வது சரியில்லை. மாமா சொல்வது பாதி சரி. பெரியம்மா விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதில் எனக்கே ஒரு கதை இருக்கிறது.

முதலில் மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். வலிப்பு மருந்து லெவெட்டிராசெட்டம் இருக்கிறதா, எவ்வளவு? ஸ்டீராய்டு மாத்திரை பிரெட்னிசலோன் இருக்கிறதா, எவ்வளவு? தட்டு எறிவது எப்போது தொடங்கியது? ஐசியூவுக்கு முன்பா, வார்டில் கண் விழித்த பிறகா, வீட்டுக்கு வந்த பிறகா? திட்டுவதும் நடுராத்திரிச் சோறும் அதே சமயத்தில் தொடங்கியவையா? எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஆள் மாறிவிட்டாள்" என்று கொண்டுபோய் வைத்தால் எந்த டாக்டரும் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் விழிப்பார்.

6 ஜனவரி

நான் யார் என்று கேட்டவருக்கு: டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. என் நாத்தனாருக்கு இதே நோய், என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி (anti-NMDA receptor encephalitis), வந்தது. மாமியாருக்கு முட்டி வலி, என் கணவருக்கு லோரி ஓட்டம், ஆகவே பக்கத்தில் இருந்தது நான்.

அவளுக்கும் தூக்கம் போனதில்தான் ஆரம்பித்தது. அப்புறம் கைப்பேசி தன்னைப் பார்க்கிறது என்றாள். அதற்கப்புறம் அண்ணி சாம்பாரில் எதையோ கலக்கிறாள் என்றாள். அண்ணி என்றால் நான். வீட்டில் சமைப்பது நான் ஒருத்தி, வேறு யார்மேல் சந்தேகம் வரும்? வேலைப் பளு என்று சொல்லி ஒரு கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒரு மருத்துவமனையில் மனநல வார்டில் சேர்த்தார்கள். அங்கே பேச்சு நின்றது, வாய் தானாக மென்றுகொண்டே இருந்தது, கை ஒரு பக்கம் தூக்கினால் தூக்கியபடியே நின்றது. அங்கேதான் முதல் வலிப்பு.

அந்த வார்டைக் குறை சொல்லி எழுதலாம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்த நோயை ஹோசப் டல்மாவ் என்ற ஸ்பானிய மருத்துவரும் அவருடைய குழுவும் அடையாளம் காட்டியதே 2007இல்தான். 2008இல் அவர்கள் 100 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது அதில் 77 பேர் முதலில் போய்ச் சேர்ந்தது மனநல மருத்துவரிடம். உலகம் முழுக்க இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு என் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

6 ஜனவரி, கொஞ்சம் கழித்து

நோய் என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு விளக்கிய பெண் டாக்டர் சொன்னபடி எழுதுகிறேன். நரம்பணுக்களின் மேல் என்எம்டிஏ ஏற்பிகள், அதாவது சைகையை வாங்கிக்கொள்ளும் புரதங்கள், இருக்கின்றன. நினைவு, படிப்பு, நிதானம் எல்லாவற்றுக்கும் அவை வேண்டும். உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) அவற்றைப் பிடித்து அணுவுக்குள்ளே இழுத்துவிடுகிறது. மேலே ஏற்பி குறைகிறது, அதனால் பிரமை, வலிப்பு, மூச்சுத் தடுமாற்றம் எல்லாம் வருகின்றன. ஆனால் அணு பெரும்பாலும் சாவதில்லை. எதிர்ப்புரதம் குறைந்தால் ஏற்பி திரும்ப மேலே வரும். அதனால்தான் இவ்வளவு மோசமாகப் போனவர்கள்கூடத் தேறுகிறார்கள். ஆனால் மெதுவாக. இந்த "மெதுவாக" என்பதை டிஸ்சார்ஜ் செய்கிற நாளில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

8 ஜனவரி

உங்கள் பதிலைப் பார்த்தேன். திட்டுவதும் பசியும் வார்டில் கண் விழித்ததிலிருந்து, தட்டு எறிவது மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு. லெவெட்டிராசெட்டம் 1500 மில்லிகிராம் காலை மாலை. பார்த்தீர்களா, ஒரு மூட்டை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

முதலில் பழைய மூட்டை. இந்த நோய் வந்த வழியிலேயே, தலைகீழ் வரிசையில் திரும்பிப் போகும் என்கிறார்கள். கடைசியாக வந்த மூச்சுத் திணறலும் மயக்கமும் முதலில் போகும். முதலில் வந்த மனக் குழப்பம் கடைசியாகப் போகும். ஆகவே வலிப்பு நின்ற பிறகு தெரிகிற புத்தி மாறாட்டம் புதிதாக வந்தது இல்லை, இன்னும் போகாதது. வாய்க்குப் பூட்டு இல்லாமை, அடங்காப் பசி, வெட்கம் இல்லாமை, ஒன்று தூக்கமே இல்லை, இல்லையென்றால் நாள் முழுக்கத் தூக்கம்: எல்லாம் அந்தக் கட்டத்தில் வரும். என் நாத்தனார் வீட்டுக்கு வந்த பெரிய மாமாவைப் பார்த்து அவர் வழுக்கையைப் பற்றி ஒன்று சொன்னாள். எழுத முடியாது. ஆனால் சரியாகத்தான் சொன்னாள்.

பசி விஷயம்: விடியற்காலை மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் ரொட்டி சானாய் வாங்க என் கணவரை அனுப்பியதில் கடைக்காரர் எங்களுக்கு ஏதோ கேட்டரிங் தொழில் என்று நினைத்துவிட்டார். அலமாரிக்குப் பூட்டுப் போடாதீர்கள், சண்டைதான் வரும். வீட்டில் இனிப்பு வாங்கி வைப்பதைக் குறைத்தோம், பழமும் அவித்த கடலையும் எட்டும் இடத்தில் வைத்தோம். அவ்வளவுதான் முடிந்தது.

அப்பாவிடம் சொல்லுங்கள், கொழுப்பு இருக்கிறவளுக்கு அடுத்த நாள் தான் திட்டியது நினைவில் இருக்கும். உங்கள் தங்கைக்கு இருக்கிறதா?

9 ஜனவரி

"பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று எழுதியவருக்கு: ஐயா, முதலில் மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகளை எண்ணி வையுங்கள்.

12 ஜனவரி

இனி இரண்டாவது மூட்டை, தட்டு. லெவெட்டிராசெட்டம் நல்ல மருந்து. வலிப்பை நிறுத்தும், ஊசியாகவும் போடலாம், வேறு மருந்துகளோடு அதிகம் மோதாது. அதனால்தான் ஐசியூவில் முதலில் கையில் எடுக்கிறார்கள். ஆனால் சிலருக்கு எரிச்சல், கோபம், அழுகை, சிலருக்குச் சாக வேண்டும் என்ற எண்ணம்கூட வரும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே இது இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அளவு கூட்டிய வாரத்தில்தான் கதவு உடைந்தது. மாத்திரை அளவையும் கதவையும் ஒரே தாளில் தேதி போட்டு எழுதிய பிறகுதான் டாக்டர் தலையை ஆட்டினார்.

நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்கவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு திரும்ப வரலாம். தேதி எழுதிய தாளோடு நரம்பியல் கிளினிக்குக்குப் போய் மாற்று உண்டா என்று கேளுங்கள். மாற்று என்றாலும் சும்மா இல்லை. கார்பமாசபின் என்றால் நம் பக்கத்து மக்களில் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு உள்ளவர்களுக்குத் தோல் வெந்து உரிகிற ஆபத்து இருப்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். சீனர், மலாய்க்காரர்களிடம் அது அதிகம், அதற்காக நமக்கு இல்லை என்று ஆகாது. வால்ப்ரோயேட் குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்குக் கொடுக்க யோசிப்பார்கள், கருவைப் பாதிக்கும். சிலர் கூடவே வைட்டமின் பி6 கொடுத்துப் பார்க்கிறார்கள். அதற்குச் சான்று பலமாக இல்லை. என் நாத்தனாருக்கும் கொடுத்தார்கள், எதனால் கோபம் குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

13 ஜனவரி

ஸ்டீராய்டை விட்டுவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டினார். விடவில்லை, ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. 1972இல் பாஸ்டனில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு வந்தது. 41 முதல் 80 வரை எடுத்தவர்களில் 4.6 சதவீதம். 80க்கு மேல் 18.4 சதவீதம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தலைகாட்டும். நம் ஆட்களுக்குத் தொடக்கத்திலேயே மெத்தில்பிரெட்னிசலோன் நாளுக்கு 1 கிராம் என்று சில நாள் ஏற்றுகிறார்கள், அப்புறம் மாத்திரை. தூக்கம் கெடுவது, காரணமில்லாத குதூகலம், ஓயாத பேச்சு, பசி எல்லாம் அதிலும் வரும். ஆக உங்கள் தங்கையின் பசிக்கு நோய், ஸ்டீராய்டு என்று இரண்டு சொந்தக்காரர்கள் இருக்கலாம்.

19 ஜனவரி

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு அம்மா, தன் மகளுக்கு இருப்பது லூப்பஸ், இந்தப் பேச்சு அவளுக்கும் பொருந்துமா என்கிறார். பொருந்தும் அம்மா, லூப்பஸிலும் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையேதான் தாக்குகிறது. ஆனால் முடிச்சு இன்னும் இறுக்கம். அமெரிக்க முடக்குவாத மருத்துவர் சங்கம் 1999இல் லூப்பஸ் நரம்பையும் மனதையும் தாக்கும் 19 விதங்களைப் பட்டியலிட்டது. வலிப்பும் அதில் இருக்கிறது, மனப்பிறழ்வும் இருக்கிறது, பதற்றமும் சோர்வும் இருக்கிறது. மகள் யாரோ பேசுவது கேட்கிறது என்றால் அது லூப்பஸ் மூளைக்கு ஏறியதா, அதை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டா? முதலாவது என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும், இரண்டாவது என்றால் குறைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆபத்து. அதனால்தான் குரல் கேட்கத் தொடங்கிய நாளும் ஸ்டீராய்டு கூட்டிய நாளும் டாக்டர்களுக்குத் தேவை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வலிப்பு அடுக்கடுக்காக வந்து ஓய்ந்த பிறகு ஒன்றிரண்டு நாள் ஆள் தெளிவாக இருப்பார். "அப்பாடா" என்று நாம் உட்காருவோம். அதற்கப்புறம், ஒரு வாரத்துக்குள், சாமி வந்த மாதிரி பேச்சு, பயம், அடிதடி. இது பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும், ஆனால் அந்தச் சில நாளில் மாடியிலிருந்து குதித்தவர்களும் உண்டு. தெளிவான அந்த இடைவெளிதான் ஏமாற்றும். வலிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள்.

22 ஜனவரி

ஒரு சின்னச் சேர்க்கை. மனநல மருத்துவரிடம் போகும்போது இது எந்த நோய் என்று பெயரோடு சொல்லுங்கள். பிரமைக்கு வழக்கமாகக் கொடுக்கும் சில மருந்துகள் இந்த நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. என் நாத்தனாருக்கு ஹாலோபெரிடால் போட்ட பிறகு உடம்பு விறைத்துக் காய்ச்சல் ஏறியது. கை தூக்கினபடி நின்ற நிலைக்கு லோராசெபாம்தான் கேட்டது. இரண்டு துறைக்கும் நடுவில் சீட்டைச் சுமப்பது நாம்தான். "இது அவர்கள் கேஸ்" என்று இந்தப் பக்கமும் "அவர்களிடம் கேளுங்கள்" என்று அந்தப் பக்கமும் அனுப்பினால், அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான், இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடுங்கள்.

29 ஜனவரி, சீனப் புத்தாண்டு விடுமுறை

இன்று வேலை இல்லை, பெரியம்மா கதைக்கு வருகிறேன்.

இளம் பெண்களுக்கு இந்த நோய் வந்தால் சூலகத்தில் டெரடோமா என்ற கட்டி இருக்கிறதா என்று தேடுவார்கள். அந்தக் கட்டிக்குள் எந்தத் திசுவும் இருக்கலாம்: முடி, பல், தோல், நரம்பு. அந்த நரம்புத் திசுவை எதிர்க்கப் போய்த்தான் உடம்பு மூளையையும் அடிக்கிறது. 2007இல் முதலில் எழுதப்பட்ட பன்னிரண்டு பெண்களுக்கும் டெரடோமா இருந்தது. பிறகு பார்த்ததில் எல்லாருக்கும் இருப்பதில்லை. என் நாத்தனாருக்கு இருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். வெளியே வந்த டாக்டர் நல்ல மனதோடு, எல்லாவற்றையும் விளக்குகிறேன் என்று, மாமியாரிடம் சொன்னார்: "கட்டிக்குள் முடி இருந்தது."

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஜெலுத்தோங்கிலிருந்து நிபோங் திபால் வரை சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வயிற்றிலிருந்து முடி எடுத்தார்களாம். முடி என்றால் என்ன? செய்வினை. யார் வைத்தது? சோறு போட்டது யார்? அவள் வாயாலேயே சொன்னாளே, சாம்பாரில் கலக்கிறாள் என்று!

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அப்போது சிரிக்கவில்லை. ஐசியூ வாசலில் ஒரு சித்தி என் கையிலிருந்த மைலோவை வாங்கிக் குடிக்கவில்லை. என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து, "நீ எதுவும் போடவில்லைதானே" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். இன்னும் அதற்கு நான் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. நோயாளியின் சந்தேகம் மூளைக் கோளாறு, மருந்து கேட்கும். சுற்றி இருந்தவர்களின் சந்தேகத்துக்கு, இந்த நோய்க்குக் கொடுக்கும் ரிடுக்சிமாப் மாதிரி ஒரு மருந்து கிடையாது.

ஆகவே பெரியம்மா கூலிமுக்குக் கூப்பிட்டால் முதலில் கேளுங்கள்: அந்தச் சாமியார் யார் பெயரைச் சொல்வார்? யாராவது ஒருத்தியைத்தான் சொல்வார்.

6 பிப்ரவரி

நேற்று ராத்திரி சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் பூசைக்கு ஹொக்கியன் சீனர்கள் போட்ட வெடியில் பினாங்கில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். வெடிச் சத்தத்தில் வலிப்பு வந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். சத்தத்தைவிட தூக்கம் கெடுவதுதான் பெரிய விஷயம். இன்று பகலில் அவள் தூங்கட்டும், விருந்தாளிகளை வரச் சொல்லாதீர்கள். எரிச்சல் நாளைக்கும் இருக்கலாம், உடனே நோய் திரும்பிவிட்டது என்று ஓட வேண்டாம்.

12 பிப்ரவரி, தைப்பூசத்துக்கு மறுநாள்

29ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். சாமியார் விஷயத்தில் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். ஆனால் கோயிலையும் அதே கூடையில் போட்டுவிட்டதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அதை யோசித்தேன். மாமியார் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார், முட்டி வலியோடு அத்தனை படியும் ஏறினார். அந்த மனுஷிக்கு ஐசியூ வாசலில் செய்வதற்கு வேறு என்ன இருந்தது? எனக்குத் தேதி போட்டு எழுத ஃபைல் இருந்தது, அவருக்குப் பால்குடம். நேற்று நானும் கூடப் போனேன்.

ஒன்று மட்டும்: நோயாளி விரதம் இருப்பதென்றால் மாத்திரையோடுதான், சாப்பாட்டோடுதான். ராத்திரி முழுக்க ரதத்தோடு நடக்க வைக்காதீர்கள்.

20 பிப்ரவரி

கோபம் குறைந்து இப்போது ஒரேயடியாக அழுகிறாள், இது முன்னேற்றமா பின்னடைவா என்று கேட்கிறீர்கள். இரண்டும்தான். புத்தி தெளியும்போது தனக்கு என்ன நடந்தது, எதை இழந்தோம் என்று தெரிய வரும். படிப்பு ஒரு வருடம் பின்தங்கியது, முகம் ஸ்டீராய்டில் ஊதியது, தோழிகள் வரவில்லை. கண்ணாடியைப் பார்த்தாலே போதும். என்னைப் பொறுத்தவரை வலிப்பைவிட அபாயமான காலம் இது, ஏனென்றால் வீட்டில் எல்லாரும் காவலைத் தளர்த்தியிருப்பார்கள். சாவைப் பற்றிப் பேசினால் "அப்படிச் சொல்லாதே" என்று வாயை மூடாதீர்கள், என்ன நினைக்கிறாய் என்று நேராகக் கேளுங்கள். மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. அவசரம் என்றால் எண்ணைத் தேடிக்கொண்டு இருக்காமல் மருத்துவமனைக்கே போங்கள்.

இன்னொன்று. நோய் உச்சத்தில் இருந்த வாரங்கள் அவர்களுக்கு நினைவில் இருக்காது. என் நாத்தனார் கேட்டாள், "அண்ணி, நான் என்னவெல்லாம் செய்தேன்?" எதையும் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். அவளோ விடாமல் மற்றவர்களிடம் கேட்டாள், அவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மசாலா சேர்த்துச் சொன்னார்கள். அதனால் நானே சொல்லத் தொடங்கினேன், ஒரு நாளைக்கு ஒன்று. சாம்பார் கதையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்ன மோசமாகவா இருந்தது உங்கள் சாம்பார்?" என்றாள். நகைச்சுவை திரும்பியது என்று ஃபைலில் எழுதிக்கொண்டேன்.

2 மார்ச்

மருந்தை மாற்றிய பிறகு தட்டு எறிவது நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். பசி இருக்கிறது, ஞாபக மறதி இருக்கிறது, பழைய மாதிரி எப்போது ஆவாள் என்பது கேள்வி.

577 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடத்தில் 81 சதவீதம் பேர் நல்ல நிலைக்கு வந்தார்கள். முதல் வருடம் தாண்டியும் முன்னேற்றம் இருந்தது. ஆனால் அந்த "நல்ல நிலை" என்பது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிவது. கணக்குப் பரீட்சையில் பழைய மதிப்பெண் வாங்குவது அதில் சேராது. என் நாத்தனார் வேலைக்குத் திரும்பிவிட்டாள், ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இன்றைக்கும் அவளுக்குக் குழம்புகிறது, கூட்டமான கடையில் அழுதுவிடுவாள். பார்ப்பவர்களுக்குக் குறை எதுவும் தெரியாது. அதனால் சலுகையும் கிடைக்காது.

அதே ஆய்வில் 12 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் நோய் திரும்பியது. திரும்பும்போது வலிப்பு வந்துதான் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். 571 பேரைப் பார்த்த இன்னோர் ஆய்வில் 23 பேருக்கு மனக் குழப்பம் மட்டுமே வந்தது, வேறு அறிகுறி இல்லை. அதில் 18 பேருக்கு அது நோய் திரும்பிய சமயம். ஆகவே நல்ல நாட்களில் அவள் தூக்கம் எப்படி, பேச்சு எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுபடி தூக்கம் கெட்டு, யாரோ பார்க்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால் அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் தேதி வரை வைத்திருக்காதீர்கள்.

வலிப்பு மாத்திரை ஆயுளுக்குமா என்று அம்மா கேட்டாராமே. பலருக்குத் தேவைப்படுவதில்லை. மூளை அழற்சி அடங்கினால் வலிப்பும் அதோடு அடங்கிவிடுவது உண்டு, அப்போது டாக்டரே மெல்லக் குறைப்பார். சிலருக்கு மட்டும் நிரந்தர வலிப்பு நோயாகத் தங்கிவிடும்.

2 மார்ச், திரும்பவும்

கேட்க மறந்தது. சூலகத்தை ஸ்கேன் செய்தார்களா? டிஸ்சார்ஜ் தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் இந்த முறை போகும்போது அதைத்தான் முதலில் கேளுங்கள். கட்டி இருந்து, அதில் முடி இருந்தால், பெரியம்மாவிடம் சொல்லாதீர்கள்.